தக்கலை பக்கம் போர்டு இல்லாத பழைய தடிச்சாமான் கடை: மூணு வருஷம் வாங்கிப் பாத்துட்டு எழுதுறேன்

பழைய தடிச்சாமான், அதாவது மர ஃபர்னிச்சர், நல்லதா எங்க கெடைக்கும்னு கேக்கறவங்ககிட்ட எல்லாம் வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு, இனி யாரு கேட்டாலும் இத அனுப்பிரலாம்னு உக்காந்து எழுதுறேன். கன்னியாகுமரி ஜில்லாவுல தக்கலையிலேருந்து மேக்காமண்டபம் போற வழியில மெயின் ரோட்ட விட்டு உள்ள எறங்குனா ஒரு பழைய தடி அறுப்பு மில்லோட ஷெட்டு வரும், மில்லு ஓடி எத்தனையோ வருஷமாச்சு, அந்த ஷெட்டுதான் கடை. போர்டு கிடையாது. பேரும் நம்பரும் போட்டுராத மக்ளேன்னு கடைக்கார அண்ணாச்சி சொல்லிட்டாவ, அவங்களும் ஒரு ஆசாரியும்தான் மொத்தக் கடையே, ஒரே நாள்ல அம்பது பேரு போன் பண்ணா கையில எடுத்த வேலை அப்படியே கெடந்துரும். தக்கலையில எறங்கி ஆட்டோக்காரங்ககிட்ட பழைய தடிச்சாமான் கடைன்னு கேளுங்க, கொண்டு விட்டுருவாங்க.

எனக்கு இந்த ஆசை வந்தது எங்க பாட்டா வீட்டுலேருந்து. காவி போட்ட செவப்புத் தரை, ஓட்டுக்கூரை, முன்னால திண்ணையில பாட்டாவோட சாருகசேர, உள்ள ஒரு ரேடியோ ஸ்டாண்டு, கால் நாலும் வெளிப்பக்கமா விரிஞ்சு கீழ போகப் போக மெலிஞ்சு ஒரு ஆட்டுக்குட்டி நிக்கிற மாதிரி நிக்கும். பாகம் பிரிக்கும்போது வீட்ட வித்தாங்க, சாமான் எல்லாம் ஒரே வண்டியில ஏத்தி யாருக்கோ போச்சு, அப்பம் நான் காலேஜ்ல படிச்சிட்டு இருந்தேன், ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்னு இன்னும் மனசுல கெடக்கு. அந்த ரேடியோ ஸ்டாண்டுக்கு மிட் செஞ்சுரி மாடர்ன்னு ஒரு பேரு இருக்குன்னு பத்து வருஷம் கழிச்சு போன்ல படம் பாத்துதான் தெரிஞ்சுது. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச பொறவு ஒரு இருபத்தஞ்சு வருஷம் டென்மார்க்லயும் அமெரிக்காவுலயும் ஓடுன பாணி அது. செதுக்கு வேல, பூவேல எல்லாத்தையும் விட்டுட்டு மரத்தோட ரேகையும் வளைவும் மட்டுமே அழகுன்னு நிப்பாட்டினாங்க. கால் மெலிசு, உயரம் கம்மி, அடியில தரை தெரியும், அதனால சின்ன ரூமும் பெருசா தெரியும்.

கடையப் பத்தி சொல்றதுக்கு முன்னால நான் ஏமாந்த கதைய சொல்லியே ஆகணும், ஏன்னா இந்தக் கடைய நான் இவ்வளவு நம்புறதுக்கு அதுதான் காரணம். நாலு வருஷத்துக்கு முன்னால வேற ஊர்ல ஒரு பெரிய ஷோரூம்ல சண்டிகர் சேர்னு சொல்லி ஒரு நாற்காலி வாங்குனேன், 38,000 ரூபா. சண்டிகர் சேர்னா தெரியாதவங்களுக்காக சொல்றேன். பஞ்சாபுக்குப் புதுசா தலைநகர் கட்டும்போது அந்த ஊர வடிவமைச்ச கட்டடக் கலைஞர் லெ கோர்பூசியேவோட சேந்து, அவரோட சொந்தக்காரரு பியர் ஜானரே 1951-ல இந்தியாவுக்கு வந்து 1965 வரைக்கும் சண்டிகர்லயே இருந்தாரு, ஆபீஸ், காலேஜ், கோர்ட்டுக்கெல்லாம் தேக்கும் பிரம்பும் வச்சு நாற்காலி மேசை வடிவமைச்சுக் குடுத்தாரு. பக்கவாட்டுல பாத்தா கால் ரெண்டும் தலைகீழா கவுத்த வி எழுத்து மாதிரி இருக்கும். செஞ்சது எல்லாம் அந்த ஊரு தச்சர்கள்தான், பல பட்டறையில பிரிச்சுக் குடுத்து செஞ்சதால ஒண்ணுக்கொண்ணு அளவு லேசா மாறும். பொறவு அந்த ஆபீஸுகள்ல இரும்பும் பிளாஸ்டிக்கும் வந்ததும் இதெல்லாம் உடைஞ்ச சாமானா மொட்டை மாடியில குவிஞ்சு ஏலத்துல அடிமாட்டு வெலைக்குப் போச்சு, வாங்குன வெளிநாட்டு வியாபாரிங்க சரிபண்ணி அங்க லட்சக்கணக்குல வித்தாங்க. அதுக்குப் பொறவுதான் இங்க கண்ணு தொறந்து 2011-ல அதை வெளிய அனுப்பக் கூடாதுன்னு மத்திய அரசு உத்தரவு போட்டுச்சு. ஜானரே 1967-ல எறந்தாரு, அவரு ஆசைப்படி அஸ்தியக் கொண்டுவந்து சண்டிகர் சுக்னா ஏரியில கரைச்சாங்க. இந்தக் கதையெல்லாம் எனக்கு மனப்பாடம், ஆனா நாற்காலியக் கவுத்துப் பாக்கத் தெரியல.

தக்கலைக் கடைக்கு மொதல்ல போனதே அந்த நாற்காலிக்குப் பிரம்பு மாத்தத்தான், ஒரே வருஷத்துல நடுவுல கிழிஞ்சிருச்சு. அண்ணாச்சி அத வாங்குன கையோட தலைகீழா கவுத்து வச்சாவ. "நாற்காலிய மூஞ்சியப் பாத்து வாங்கப்பிடாது மக்ளே, காலப் பாத்து வாங்கணும்"னு சொல்லிட்டு நாலு கால் அடியையும் வெரலால தடவிக் காட்டுனாவ. அம்பது அறுபது வருஷம் தரையில இழுபட்ட கால்னா அடிப்பக்கம் ஓரம் மழுங்கி, அழுக்கு மரத்துக்குள்ளயே ஊறி கறுத்திருக்கும், அதுவும் நாலும் ஒரே மாதிரி தேயாது, எந்தக் காலு ஊணி எந்திரிச்சாங்களோ அது அதிகமா தேஞ்சிருக்கும். என் நாற்காலிக்கு நாலு அடியும் ரம்பம் போட்ட மாதிரி சதுரமா, வெளுப்பா இருந்துச்சு. அடுத்து ஒரு வெள்ளத் துணியில ஸ்பிரிட்டு தொட்டு சட்டத்துக்கு உள்பக்கமா தேச்சாவ, துணி காப்பிக் கலர்ல வந்துச்சு. அடியில இருந்தது இளம் தேக்கு, ரேகை ஒவ்வொண்ணும் அகலம் அகலமா, ஓரத்துல வெள்ளத்தடி, அதாவது வைரம் பாயாத வெளிப்பகுதி, பட்டையா ஓடுது, அத மறைக்கத்தான் சாயம். முதுகுல ஏதோ ஆபீஸ் நம்பர் மாதிரி வெள்ள பெயிண்டுல எழுதியிருந்துச்சு, நான் அதைத்தான் அசலுக்கு அடையாளம்னு நெனச்சிட்டிருந்தேன், அந்த எழுத்தும் அதே துணியில பாதி வந்துருச்சு.

அன்னைக்கு அழுகை வந்தது உண்மை. ஆனா அண்ணாச்சி அந்த நாற்காலியக் கொறச்சுப் பேசல. மூட்டுப் பூட்டு நல்லா இருக்கு, உக்காரலாம், பிரம்பு மட்டும் தரமில்லாதத போட்டிருக்கான், மாத்தித் தாறேன்னு சொன்னாவ, 1,800 ரூபா வாங்குனாவ, இன்னைக்கு வரைக்கும் அந்தப் பிரம்பு தளரல. என்கிட்ட ஒரு பொருளையும் விக்கப் பாக்கல அன்னைக்கு. கடைசில ஷெட்டு மூலையில கெடந்த ரெண்டு நாற்காலியக் காட்டி, இதுவும் அதே காலத்துச் சாமான்தான், பேரு மட்டும் இல்லன்னு சொன்னாவ.

அந்த ரெண்டையும்தான் அடுத்த மாசம் வாங்குனேன். கீரிப்பாறை பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவ இடிக்கும்போது வந்ததாம். தேக்கு, கைப்பிடி நுனியில லேசா கீழ வளைஞ்சு படகு மூக்கு மாதிரி முடியும், முதுகு சாய்வு சரியா நம்ம இடுப்புக்கு மேல பிடிக்கும், பின்கால் மேல வரைக்கும் ஒரே கட்டையில வளைச்சு இழைச்சது. எந்த வருஷம்னு கேட்டேன். "அறுபதுகள்ல உள்ள பணி மாதிரி தோணுது, வருஷம் சொல்ல ஒக்காது, சொல்லுறவன நம்பாத"ன்னாவ. இந்த ஒரு பதில்லயே எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு.

வீட்டுக்குக் கொண்டு வந்து ஒரு நாற்காலியோட சீட்டுச் சட்டம் லேசா ஆடுதுன்னு ஆசாரிய வரவழைச்சுப் பிரிச்சப்ப ஒண்ணு பாத்தேன், அத சொல்லாம இருக்க முடியாது. கட்டையில செதுக்கின கூரு ஒவ்வொண்ணுலயும் உளியால சின்னதா கோடு வெட்டியிருந்துச்சு, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அது போய் உக்கார்ற துளைக்குப் பக்கத்துலயும் அதே கோடு. எந்தக் கூரு எந்தத் துளைக்குன்னு செஞ்சவரு வச்ச கணக்கு, மாத்திப் பூட்டுனா இறுகாது. மூணாவது கோடு கை தவறி கொஞ்சம் நீளமா போயிருக்கு. மேல இருந்து பாக்குற யாருக்கும் தெரியாத எடம், பூட்டுனதும் மறைஞ்சு போற எடம். மூங்கில் ஆணி நாலு அடிச்சு பூட்டியிருந்துச்சு, ஒரு இரும்பு ஸ்க்ரூ கூட இல்ல. அந்த மனுஷன் பேரு யாருக்கும் தெரியப் போறதில்ல, ஆனா சண்டிகர்ல வேல பாத்த தச்சர்களும் இப்படித்தான் கோடு வெட்டியிருப்பாங்கன்னு நான் அன்னைக்கு நெனச்சேன்.

இதுதான் இந்தக் கடை எனக்குக் கத்துக்குடுத்தது. நம்ம ஊர்ல அம்பதுகள்லயும் அறுபதுகள்லயும் ஒரு தலைமுறை ஆசாரிமார் இருந்திருக்காங்க, பத்மநாபபுரம் அரண்மனைக்கு உளி புடிச்ச கைங்களோட வழியில வந்தவங்க. எஸ்டேட் தொரை வீட்டுலயோ மிஷன் பங்களாவுலயோ பாத்த வெளிநாட்டு மாதிரிய வச்சு நம்ம தேக்குலயும் அயினியிலயும் பிலாவுலயும் செஞ்சு குடுத்திருக்காங்க. 1956 நவம்பர் 1-ல நம்ம ஜில்லா திருவாங்கூர்-கொச்சியில இருந்து பிரிஞ்சு தமிழ்நாட்டுப் பக்கம் வந்த சமயம், புதுசா ஆபீஸு, ஸ்கூலு, வாத்தியாரு வீடு, டாக்டரு வீடுன்னு எல்லாத்துக்கும் சாமான் தேவப்பட்ட காலம் அது. அதுல ஒரு சாமானுக்கும் பட்டியல்ல பேரு கிடையாது, அதனாலதான் வெலையும் இன்னும் கைக்கு எட்டுது. ரெண்டு நாற்காலிக்கும் சேத்து நான் குடுத்தது 15,500. ஏமாந்த அந்த ஒரு நாற்காலியோட வெலையில இதே மாதிரி நாலு நாற்காலி வாங்கியிருக்கலாம்.

நம்ம பக்கத்துக்கும் இந்த பாணிக்கும் சம்பந்தமே இல்லன்னு நெனக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. பாண்டிச்சேரியில கோல்கொண்டான்னு அரவிந்தர் ஆசிரமத்துக்குக் கட்டுன விடுதி இருக்கு, அன்டோனின் ரேமண்ட் வடிவமைச்சது, அந்தக் கட்டட வேலையப் பாத்துக்க 1937-ல வந்து ரெண்டு வருஷம் ஆசிரமத்துலயே தங்குனவரு ஜார்ஜ் நகஷிமா. அமெரிக்க மரவேலையில பெரிய பேருன்னு பின்னால கொண்டாடுன அதே நகஷிமாதான், அந்த விடுதி ரூமுக்கெல்லாம் தேக்குல சாமான் வடிவமைச்சது அவரு. 1958-ல அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்தியா முழுக்க சுத்தி அரசாங்கத்துக்கு ஒரு அறிக்கை குடுத்தாங்க, நம்ம வீட்டுல கெடக்குற சொம்பப் பாத்து இதுதான் ரொம்ப அழகான வடிவம்னு அதுல எழுதுனாங்க, அந்த அறிக்கையத் தொடந்துதான் 1961-ல அகமதாபாத்ல தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்துச்சு. நான் எங்க ஹால்ல டீப்பாய் மேல பாட்டியோட வெங்கலக் கிண்டிய மட்டும் வச்சிருக்கேன், வேற ஒண்ணும் வைக்கல, அதுக்கு மேல ஒண்ணும் வேண்டியதில்ல.

சரி கடைக்கு வாறேன். உள்ள நுழைஞ்சா மொதல்ல கண்ணுக்கு ஒண்ணும் புடிபடாது, தூசி, கட்டில் கால், கதவு நெலை, பத்தாயத்துப் பலகை, எல்லாம் மேல மேல கெடக்கும். அவசரப்படாம ஒரு மணி நேரம் ஒதுக்கிப் போகணும், பழைய துணி உடுத்திட்டுப் போங்க. பின்பக்கம்தான் நல்ல சாமான், மழைத்தண்ணி படாம பலகை மேல ஏத்தி வச்சிருப்பாவ. ஒவ்வொண்ணுலயும் சாக்பீஸால எழுதியிருக்கும், எந்தக் கட்டை மாத்துனது, எந்தக் கட்டை பழசு, பாலிஷ் புதுசா பழசான்னு. நான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுலயும் கொச்சி மட்டாஞ்சேரியிலயும் சுத்தியிருக்கேன், அங்க சரக்கு பத்து மடங்கு அதிகம், கண்ணுக்கு விருந்துதான், ஆனா மாத்துன கட்டைய விக்கிறவரே எழுதி வச்சு நான் வேற எங்கயும் பாக்கல. அங்க பெரும்பாலும் அதுக்கு முந்துன காலத்துச் சாமான்தான் கெடைக்கும், பர்மா தேக்கு, கடைசல் கால், கண்ணாடி வச்ச பெரிய அலமாரி, அது வேற ருசி.

பாலிஷப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா பல பேரு இதுலதான் நல்ல சாமானக் கெடுக்குறாங்க. பழசுல இருக்குறது அவல் மாதிரி செதிலா இருக்குற அரக்க ஸ்பிரிட்ல கரைச்சு துணிப்பந்துல தேச்சுத் தேச்சு ஏத்துன அரக்கு பாலிஷ். அதுமேல சூடா டம்ளர் வச்சா வெள்ள வட்டம் விழும், தண்ணி நின்னாலும் விழும், அதனால நெறைய பேரு எல்லாத்தையும் சுரண்டிட்டு மெலமைன் பாலிஷ் அடிச்சிருறாங்க. மெலமைன் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும், கறை புடிக்காது, ஆனா ரேகையோட ஆழம் போயிரும், பொறவு கீறல் விழுந்தா அந்த எடத்த மட்டும் சரிபண்ண முடியாது, முழுசா சுரண்டணும். அரக்குக்கு அந்தத் தொந்தரவு இல்ல, ஒரு எடம் போனா அந்த எடத்துல திரும்ப ஏத்தலாம், பழைய அரக்கும் புது அரக்கும் ஒண்ணாக் கலந்துரும். எந்த பாலிஷ்னு தெரியலன்னா கண்ணுல படாத எடத்துல ஒரு சொட்டு ஸ்பிரிட்டு வச்சுப் பாருங்க, பிசுபிசுன்னு ஒட்டுனா அரக்கு. இந்தக் கடையில மெலமைன் கேட்டா செய்ய மாட்டாங்க. வெள்ள வட்டத்துக்குப் பயந்து பாலிஷ மாத்தாத, டம்ளருக்கு அடியில ஒரு துணிய வைன்னு அண்ணாச்சி சொன்னாவ, எங்க வீட்டுல இப்பம் எல்லா மேசையிலயும் பிரம்புத் தட்டு கெடக்கு.

அடுத்தது மழை. நம்ம ஜில்லாவுக்கு ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசி கார்த்திகையிலயும் மழை, ரெண்டு பருவமும் நம்ம தலையிலதான். நான் பங்குனியில வாங்குன ஒரு எழுத்து மேசை, மூணு டிராயரும் வெண்ணெய் மாதிரி ஓடுச்சு, ஜூன்ல ஒண்ணு கூட தொறக்கல. ஏமாத்திட்டாங்களோன்னு பதறிப் போன் பண்ணா, இழைக்காத, ஒண்ணும் செய்யாத, டிசம்பர் கழியட்டும்னு சொன்னாவ, டிராயர் ஓரத்துல மெழுகுதிரிய மட்டும் தேச்சேன், தை மாசம் தானாவே ஓட ஆரம்பிச்சிருச்சு. மரம் ஈரத்துல ஊதும், வெயில்ல சுருங்கும், மழைக்காலத்துல இறுகுதுன்னு இழைச்சு விட்டா கோடையில டிராயர் லொடலொடன்னு ஆடும். ஆகவே வாங்கப் போறவங்க முடிஞ்சா மழை நேரத்துல போய்ப் பாருங்க, அப்பம் நல்லா ஓடுற டிராயர்னா எப்பவும் ஓடும். பிரம்புக்கும் இதே ஈரம்தான் சத்துரு, பூஞ்சை புடிச்சு கறுப்பு கறுப்பா வரும். ஆடி மாசம் முழுக்க சன்னலுக்குப் பக்கத்துல வச்சு வாரம் ஒருக்க உலர்ந்த துணியால துடைக்கணும். சீட்டு தொங்கிப் போனா ஒடனே மாத்தணும்னு இல்ல, கிழியாம இருந்தா அடிப்பக்கம் ஈரத்துணி போட்டு நனைச்சு நிழல்ல காயவிட்டா திரும்ப இழுத்துப் புடிக்கும், எனக்கு ரெண்டு நாற்காலியில வேல செஞ்சுது. கொளச்சல், முட்டம் மாதிரி கடற்கரை ஊர்க்காரங்க மட்டும் இரும்புக் கால் வச்ச சாமான் எடுக்காதீங்க, உப்புக்காத்துல தாங்காது. கைப்பிடி பித்தளையா இருந்தா பரவாயில்ல.

மரச்சாமான் தவிர சின்னச் சின்ன அலங்காரச் சாமானும் ஒரு அலமாரி நெறைய வச்சிருக்காவ. பேக்கலைட்டுங்கிற பழைய காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்ல சுவிட்ச்சு, பால் வெள்ளைக் கண்ணாடி லைட்டு மூடி, சாவி குடுக்குற சுவர்க்கடிகாரம், மர்ஃபி, பிலிப்ஸ், புஷ்னு வால்வு ரேடியோ. பேக்கலைட்டுன்னு சொல்லி சாதா பிளாஸ்டிக்க விக்கிறவங்க உண்டு, சுடுதண்ணியில ஒரு நிமிஷம் வச்சு மோந்து பாத்தா அசலுக்கு ஒரு மருந்து நெடி வரும். ரேடியோ நான் ஒரு மர்ஃபி எடுத்தேன், 6,200 ரூபா, மரப்பெட்டி நல்ல நெலையில இருந்துச்சு. இதுல ஒரு விஷயம் ரொம்ப முக்கியம், பல வருஷம் ஓடாம கெடந்த வால்வு ரேடியோவ வாங்குன ஒடனே பிளக்குல சொருகிராதீங்க, உள்ள இருக்குற கெப்பாசிட்டர் காஞ்சு போயிருக்கும், நேரடியா கரண்ட் போனா அதுவும் வெடிக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் எரியும். பழைய ரேடியோ மெக்கானிக் யாராவது இருந்தா சீரிஸ் பல்பு போட்டுப் பாக்கச் சொல்லுங்க. அண்ணாச்சி கடையில ஒயர வெட்டியே வச்சிருப்பாவ, யாரும் வீட்டுல போய் சொருகிரக் கூடாதுன்னு. ஓட வச்சாலும் மீடியம் வேவும் ஷார்ட் வேவும்தான் எடுக்கும், நாகர்கோவில் வானொலி எஃப்எம்ல வருது, அதனால இதுல கேக்காது. எங்க அம்மா இந்தப் பெட்டியப் பாத்ததும் சிலோன் ரேடியோ, தபாலாபீஸ்ல ரேடியோ லைசென்சுக்கு வருஷா வருஷம் பணம் கட்டுனது, எல்லாத்தையும் ஒரு ராத்திரி முழுக்கப் பேசுனாங்க, அந்த ராத்திரிக்கே 6,200 சரியாப் போச்சுன்னு எனக்குத் தோணுச்சு.

குறைய மறைக்க மாட்டேன். மொத குறை நேரம். ரெண்டு வாரம்னு சொன்னா ஒன்றரை மாசம் ஆகும், பிரம்பு பின்னுற அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னா அதுக்கும் மேல. கல்யாணம், பால்காய்ப்புன்னு தேதி வச்சு வாங்குறவங்க இந்தக் கடைய நம்பி உக்காராதீங்க. வண்டி ஏற்பாடு நம்ம பொறுப்பு, ஏத்தி விடுவாங்க, கட்டி விடுவாங்க, அதோட சரி. என் எழுத்து மேசை நாகர்கோவில் வர்றதுக்குள்ள வழியில ஒரு மூலை இடிச்சிருச்சு, அது நான் புடிச்ச வண்டிக்காரரு கயிறு சரியா போடாதது. கார்டு கிடையாது, காசு இல்லன்னா ஜிபே.

ரெண்டாவது குறை கொஞ்சம் பெருசு. போன வருஷம் பிலாவுத் தடியில ஒரு டீப்பாய் எடுத்தேன், மேல்பலகை அவரைக்கொட்ட மாதிரி வளைஞ்சு, மூணு கால், 4,800 ரூபா, மஞ்சளும் தேனும் கலந்த மாதிரி நெறம், பாத்த ஒடனே மனசு போயிருச்சு. வீட்டுக்கு வந்து மூணு வாரம் கழிச்சு காலைல பெருக்கும்போது அடியில மாவு மாதிரி மஞ்சப் பொடி. தடவிப் பாத்தேன், கவுத்தேன், ஒரு காலோட உள்பக்கம் வெள்ளத்தடி இருந்த எடத்துல குண்டூசி முனை அளவுக்கு ஏழெட்டு ஓட்டை. வண்டு. சிதல் (கரையான்) மாதிரி வெளியில இருந்து வர்றது இல்ல இது, முட்டை பொரிச்சு புழுவா உள்ளயே இருந்து திங்கும், பக்கத்துச் சாமானுக்கும் போகும். எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல, மத்த எல்லாத்தையும் கவுத்துக் கவுத்துப் பாத்தேன். போன் பண்ணேன். மறுநாளே அண்ணாச்சி அவங்களே ஒரு டெம்போவோட வந்தாவ, பாத்துட்டு "இது எனக்க பிழை, வெள்ளத்தடிய நான் பாக்காம விட்டுட்டேன்"னு ஒத்துக்கிட்டு எடுத்துட்டுப் போனாவ. ஊசியால ஒவ்வொரு ஓட்டையிலயும் மருந்து ஏத்தி, பிளாஸ்டிக்ல சுத்தி அடைச்சு வச்சு, பொறவு அந்தக் காலயே மாத்தி, ரெண்டரை மாசம் கழிச்சு கொண்டு வந்து தந்தாவ, பணம் வாங்கல. திருப்பிக் குடுத்த விதம் சரிதான், ஆனா விக்கும்போதே பாத்திருக்க வேண்டியது, அதுக்கு ஒரு ஸ்டார் கொறைக்கிறேன். புதுசா மாத்துன காலு தேக்கு, நெறம் லேசா வேறயா இருக்கு, அடியில சாக்பீஸால அதையும் எழுதிதான் குடுத்தாவ. நீங்க வாங்கும்போது வெள்ளத்தடி இருக்குற எடத்துல எல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க, ஓட்டைக்குள்ள கறுப்பா இருந்தா பழைய ஓட்டை, உள்ள புது மரம் மாதிரி வெளுப்பா இருந்து தட்டுனா பொடி கொட்டுதுன்னா எடுக்காதீங்க. வைரம் பாஞ்ச தேக்குலயும் ஈட்டி மரத்துலயும் இந்தப் பயம் ரொம்பக் கம்மி.

ஈட்டின்னதும் ஞாபகம் வருது. வெளிநாட்டுல இருக்குற நம்ம ஊர்க்காரங்க லீவுக்கு வரும்போது ஈட்டிச் சாமான் வாங்கி கப்பல்ல போடலாமான்னு கேக்குறாங்க. 2017-லேருந்து ஈட்டி இனம் முழுக்க சர்வதேச வன உயிரின வணிக ஒப்பந்தத்துல இருக்கு, பேப்பர் இல்லாம அனுப்புனா துறைமுகத்துல நிக்கும். நூறு வருஷத்துக்கு மேல பழசா இருந்தா 1972 தொல்பொருள் சட்டப்படி வெளிய போகவே கூடாது. அம்பது அறுபதுகள்ல செஞ்ச சாமானுக்கு அந்தச் சட்டம் வராது, ஆனா நம்ம ஊரு மழைக்குப் பழகுன மரம் குளிரூர் ஹீட்டர் ரூம்ல வெடிக்கும்னு அண்ணாச்சி சொல்லுவாவ. என்னோட விருப்பத்தக் கேட்டா, அது இங்கயே இருக்கட்டும்.

அஞ்சுக்கு நாலு குடுக்குறேன். காலைல பத்து மணிக்கு மேல தொறப்பாங்க, மத்தியானம் ஒண்ணுலேருந்து மூணு வரைக்கும் சாப்பாடு, வெள்ளிக்கிழமை வடசேரிப் பக்கம் பழைய வீட்டுச் சாமான் பாக்கப் போயிருவாவ, கடையில ஆள் இருக்காது. வெலை பேசலாம், ஆனா பாதிக்குக் கேக்காதீங்க, அவங்க வாங்குன வெலையையே சொல்லிருவாவ, சொல்ற வெலையில பத்து சதவீதம் கொறைக்கக் கேட்டா நியாயம். போன ஞாயித்துக்கிழமை போனப்ப அயினித் தடியில ஒரு ஷோகேஸ் வந்திருந்துச்சு, நாலடி நீளம், விரிஞ்ச கால், ரெண்டு பக்கமும் தள்ளுற கண்ணாடிக் கதவு, நடுவுல ரேடியோ வைக்க ஒரு பொந்து, எங்க பாட்டா வீட்டு ஸ்டாண்டுக்கு அண்ணன் மாதிரி இருந்துச்சு. எங்க ஹால்ல இனி எடமில்ல, அளந்து அளந்து பாத்துட்டு விட்டுட்டு வந்தேன். 11,000 சொன்னாவ, இடது கண்ணாடியில ஒரு கீறல், பின்பலகை மட்டும் மாத்துனது. வேணுங்கிறவங்க இந்த வாரமே போய்ப் பாருங்க.